தண்ணீர் இல்லாத கிணற்றின் மட்டம்

"வத்திப்போன கெணத்துல தண்ணி மட்டம் எத்தனை மீட்டரு?"

இதைக் கேட்கும்போது அடைக்கலமேரி ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கீபோர்டின் மேல் போர்த்தியிருந்த துணியை நாலாக மடித்துக்கொண்டே கேட்பார்; இல்லாவிட்டால் பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். கம்ப்யூட்டர் படிக்க வருகிற எல்லோருக்கும் முதல் நாள் முதல் கேள்வி இதுதான். பிளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு நூற்றெண்பத்திரண்டு வாங்கிய தெம்போடு போய் நின்ற எனக்கும் அதேதான். "சைபர்" என்றேன். அவர் பென்சில் தூளை ஊதிவிட்டு, "யோசிச்சிட்டு நாளைக்கு வாப்பா" என்றார். மறுநாளும் எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது நாகநாதனின் கம்ப்யூட்டர் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், அடிக்கும்போது மாடியே அதிரும் ஒரு பிரிண்டர், கரண்டு போனால் கீச்சிடும் ஒரு யூ.பி.எஸ். அடைக்கலமேரி இங்கே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறார். வயது முப்பத்தாறு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவார். அது சாமிக்காக இல்லை, தூசிக்காக. கம்ப்யூட்டரை இன்னும் 'மிஷின்' என்றுதான் சொல்வார்.

கல்யாணப் பத்திரிகை, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, ஊர்க் கணக்கெடுப்பு என்று எல்லாம் அவர் கைக்கு வரும். கட்டம் போட்ட படிவக் கட்டு எது வந்தாலும் உடனே அடிக்க உட்கார மாட்டார். முதலில் எல்லாத் தாளையும் ஒரு தடவை புரட்டுவார். எழுதியிருப்பதைப் படிக்க இல்லை. எழுதாமல் விட்ட கட்டங்களைப் பார்க்க. ஒவ்வொரு காலிக் கட்டத்தின் ஓரத்திலும் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி விழும். படிவத்தைக் கொடுத்தவர் மறுபடி வரும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் கேட்பார்.

"எழுதுனத மிஷின் பாத்துக்கிரும். எழுதாதத நாமதான் பாக்கணும்" என்பது அவர் பேச்சு.

ஒரு தடவை ஆய்வு மாணவி ஒருத்தி, "விட்டுப்போச்சு மேடம், அவ்வளவுதான்" என்று சலித்துக்கொண்டாள். "விட்டுப்போச்சா, விட்டுட்டீகளா?" என்று கேட்டார் மேரி. அந்தப் பெண் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து வந்தாள். மேரியின் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் கட்டத்தில் வெறும் கோடு இருக்காது. 'காய்ச்சல்', 'அம்மாச்சி ஊர்', 'செருப்பு அறுந்துவிட்டது' என்று பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும்.

திரையில் எர்ரர் வந்தால் மற்றவர்கள் பதறுவார்கள். மேரிக்குச் சந்தோஷம். "எர்ரரு நல்லது. எங்கிட்ட கோளாறுன்னு வாயத் தெறந்து சொல்லுதுல்ல? இந்தக் காலிக் கட்டந்தான் கல்லுளிமங்கன். நம்ம பாட்டுக்கு என்ன வேணா நெனச்சுக்கலாம்" என்பார்.

காளையார்கோவில் பக்கத்து ஊரிலிருந்து காலை ஏழு பத்து பஸ்ஸில் வருகிறார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். புளியடியேந்தல் ஊருக்குப் பிரிகிற விலக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாப்பாட்டுப் பையைக் கீழேயிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு காலையும் மடக்கி ஒடுக்கிக்கொள்வார். அந்த விலக்கில் பெண்கள் காலிக் குடங்களோடு ஏறுவார்கள். இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு ஊரில் பம்பு உண்டு. மேரியின் சீட்டுக்கு அடியில் இரண்டு குடம் செருகலாம். அதில் ஒன்று எப்போதும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடம்.

"குடத்துக்கும் டிக்கெட் போட்டாத்தான் சரியா வருவீக" என்பார் கண்டக்டர்.

"தண்ணி எங்க நிக்கிதுன்னு கேட்டுச் சொல்லு, அங்கிட்டே குடியிருந்துக்கிறோம்" என்பாள் ஆரஞ்சுக் குடத்துக்காரி.

பல வருஷமாக மே மாதத்தில் பஸ்ஸுக்குள் தினம் நடந்துவந்த பேச்சு இது.

போன வருஷம், தொண்ணூற்றெட்டு மே மாதம், குடிநீருக்காக வேலை செய்கிற ஒரு தொண்டு அமைப்பு நாகநாதனின் சென்டருக்கு ஒரு வேலை கொடுத்தது. எழுபத்தோரு ஊர், இருநூற்றுப் பன்னிரண்டு கிணறு. ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எத்தனை அடி கீழே கிடக்கிறது என்று அளந்து எழுதிய நோட்டுகள். அதை எக்செல்லில் ஏற்றி, அடியை மீட்டராக்கி, ஒரு படமும் ஊர்ப் பட்டியலும் போட்டுத் தரவேண்டும். எழுபத்தோரு ஊரில் பதினைந்து ஊருக்கு அந்தக் கோடையிலேயே ஆழ்குழாய் போட்டு அடிபம்பு வைக்கப்போகிறார்கள். எந்தப் பதினைந்து என்பதைத் திங்கள்கிழமை சிவகங்கையில் ஒரு கூட்டத்தில் முடிவு செய்வார்கள். கையில் இருக்கப்போவது இந்தப் படமும் இந்தப் பட்டியலும்தான்.

நோட்டில் இருந்ததை இருந்தபடி மேரி ஏற்றினார். காலிக் கட்டம் நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் நீலப் புள்ளி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஊரில் மாதா கோயில் சப்பரம் என்று லீவு போட்டார். அந்த ஒரு நாளில் நாகநாதன் தானே உட்கார்ந்து படத்தை முடித்துவிட்டார்.

நாகநாதன் மோசமான மனிதர் இல்லை. சொன்ன நேரத்துக்கு வேலையைக் கொடுக்கிறவர் என்று காரைக்குடியில் பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் அவசரம்.

படம் என்பது இதுதான். தண்ணீரின் ஆழத்தை மூன்று மூன்று மீட்டராகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூற்றிலும் எத்தனை கிணறு விழுகிறதோ அந்த உயரத்துக்கு ஒரு பட்டை நிறுத்துவது. பாடப்புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று இருக்கும். மேரி 'தூண் படம்' என்பார். இடது ஓரத்துத் தூண் உயரமாக நின்றால் தண்ணீர் மேலேயே கிடக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் போகப் போகக் கயிறு நீளும்.

சனிக்கிழமை காலை தோளில் பையோடு நின்றபடியே மேரி அந்தத் தாளைப் பார்த்தார். இடது ஓரத் தூண் நெட்டையாக நின்றது.

"சார், இந்த மொதத் தூணு யாரு?"

"யாருன்னா? சைபர்லருந்து மூணு மீட்டர் வரைக்கும். நாப்பத்தேழு கெணறு."

"மே மாசத்துலயா?"

"எங்கிட்டாவது மழ பேஞ்சிருக்கும் மேரி."

"எங்க சார் பேஞ்சுச்சு? நேத்து எங்க ஊர்ல மாதா சப்பரமே புழுதியிலதான் வந்துச்சு."

அடுத்த தாள் ஊர்ப் பட்டியல். தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற ஊர் மேலே, பக்கத்தில் கிடக்கிற ஊர் கீழே. மேரி கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கடைசி வரி புளியடியேந்தல். மூன்று கிணறு, 0.00, 0.00, 0.00. எழுபத்தோரு ஊரிலும் தண்ணீருக்குக் கொஞ்சமும் குறைவில்லாத ஊர் அது என்று தாள் சொன்னது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஆரஞ்சுக் குடம் மேரியின் கால் பெருவிரலில் இடித்துக்கொண்டு வந்திருந்தது.

பையைக்கூட இறக்காமல் மிஷினில் உட்கார்ந்தார். அந்த சைபரின் மேல் கிளிக் செய்தார். உள்ளே பார்முலா தெரிந்தது.

நடந்தது இரண்டு விஷயம். முதல் தாளில் காலியாக இருந்த கட்டத்தை இரண்டாவது தாளில் மீட்டராக மாற்றச் சொல்லியிருந்தார் நாகநாதன். காலிக் கட்டத்தைப் பெருக்கச் சொன்னால் எக்செல் காலி என்று சொல்லாது. சைபர் என்று எழுதிவிடும். அப்படி நாற்பது கட்டம். இன்னொன்று, வேறு நாலு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'டேப் பத்தலை' என்று எழுத்து இருந்தது. எழுத்தைப் பெருக்க முடியாமல் அது எர்ரர் காட்டியது.

"அந்த நாலு எர்ரர் இருக்கப்போயி கிராப்பே வர மாட்டேன்னுருச்சு மேரி" என்றார் நாகநாதன். "எத்தனை கெணறுன்னு எண்ணுற பார்முலா இருக்குல்ல, அது மொத்தமும் எர்ரர் எர்ரர்னு நிக்கிது. எல்லாத் தூணும் படுத்துருச்சு. எர்ரர் வந்தா சைபர் போட்ருன்னு ஒரே ஒரு இஃப் போட்டேன். ஓடிப்போச்சு. பாரு, எம்புட்டுச் சுத்தமா இருக்கு."

"சுத்தமாத்தான் இருக்கு சார். அதான் பயமா இருக்கு."

"சைபர்னா தண்ணி இல்லேன்னுதான அர்த்தம்? சரியாத்தான இருக்கு?"

"இது தண்ணி எம்புட்டு இருக்குங்கிற கணக்கு இல்ல சார். எம்புட்டுக் கீழ கெடக்குங்கிற கணக்கு. சைபர் அடி கீழன்னா, கெணத்துச் செவுத்துல உக்காந்துக்கிட்டுக் கையால மோந்து குடிக்கலாம்."

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு, "சரி, அந்த நாப்பத்தி நாலையும் தூக்கிரு. காலியா இருக்குறத அழிச்சிட்டா பெரச்சன முடிஞ்சிச்சு" என்றார்.

"தூக்குனா புளியடியேந்தல் லிஸ்டுலயே இருக்காது சார். மூணு கெணறும் காலிக் கட்டம். அப்படி ஒரு ஊரே இல்லேன்னு ஆயிரும்."

"அப்ப என்னதான் போடச் சொல்றே?"

"எனக்கும் தெரியாது. எழுதாம விட்டவுகளத்தான் கேக்கணும்."

மணி ஒன்பதே கால். அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் சத்தியமூர்த்தி பன்னிரண்டரைக்கு வந்து தாளை வாங்கிக்கொண்டு மதுரை போகிறார். திங்கள்கிழமை அங்கிருந்தே கூட்டத்துக்கு. அதற்குமேல் திருத்த வழியில்லை. மேரி போனை எடுத்து அமைப்பின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, கிணறு அளக்கிறவரை உடனே அனுப்பச் சொன்னார். நாகநாதன் தடுக்கவில்லை, ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

ஏகப்பன் சனிக்கிழமைகளில் நோட்டுக் கொடுக்கக் காரைக்குடி வருகிறவர். ஐம்பது வயது. சைக்கிளில் நாளைக்கு எட்டுக் கிணறு. டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். சாக்பீஸ் நனைந்த இடம் வரைக்கும் அடி பார்த்து எழுதுவார். மஞ்சள் பையில் டேப்போடு மாடியேறி வந்தவர், மேரி சொன்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்ன தப்புக் கண்டுபிடித்தார்களோ என்ற முறைப்பு முகத்தில் இருந்தது.

"அண்ணே, இந்தக் கட்டத்துல ஏன் ஒண்ணும் எழுதல?"

"தண்ணி இருந்தாத்தான தாயி மட்டம் எழுதுறது? இல்லாத தண்ணிக்கு என்ன மட்டம்?"

"வத்திருச்சுன்னு எழுதியிருக்கலாம்ல?"

"நோட்டுல மேல என்ன போட்டிருக்கு? தண்ணீர் மட்டம், அடியில். அடி எழுதச் சொன்னாக, அடி எழுதுனேன். கத எழுதச் சொல்லலியே."

மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாக் காலிக் கட்டமும் வத்துன கெணறுதானா?"

"யாரு சொன்னா? ஒண்ணொண்ணா கேளுங்க."

நாற்பத்து நாலு கட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏகப்பன் நோட்டைப் பார்க்கவே இல்லை. கிணற்றின் பெயரைச் சொன்னவுடன் பதில் வந்தது. எந்தக் கிணற்றில் படி உடைந்திருக்கிறது, எதில் புறா அடைகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"செட்டியார் தோட்டத்துக் கெணறு?"

"கேட்டு பூட்டு. ஆச்சி மெட்ராஸ் போயிருக்காக. சாவியும் கூடவே போயிருச்சு."

"பள்ளிக்கூடத்துக் கெணறு?"

"நாயி."

"நாயா?"

"குட்டி போட்டிருக்கு தாயி. அங்குட்டு யாரையும் விட மாட்டேங்குது. நம்ப மாட்டீகன்னா காமிக்கிறேன்" என்று வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். நாகநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டீகளா?" என்று கேட்டார். "அது கடிக்கல, பிறாண்டுச்சு" என்றார் ஏகப்பன் கௌரவமாக.

"அது வத்தியிருக்கும்ல அண்ணே?" என்றார் மேரி.

"வத்தியிருக்கும். ஆனா நான் பாக்கல."

"பாக்கலேன்னா பாக்கலதான்."

ஏகப்பன் முகத்தில் இருந்த முறைப்பு அப்போதுதான் இறங்கியது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

டேப் பத்தாத நாலு கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. ஐம்பதடி டேப்புக்கும் கீழே இருந்தது; தண்ணீர் இருக்கிறதே என்றுதான் அதில் மட்டும் எழுதி வைத்திருந்தார். "கல்லப் போட்டுப் பாத்தேன். ரொம்ப நேரங்கழிச்சு டொளக்குன்னு கேட்டுச்சு" என்றார்.

கடைசியாகப் புளியடியேந்தல். மூன்று கட்டத்தையும் சேர்த்தே கேட்டார் மேரி.

"மூணுலயும் டேப்பு காஞ்சுதான் மேல வந்துச்சு. நடுக் கெணத்துல ஒரு பொண்ணு எறங்கி, தேங்காச் செரட்டையால ஊத்து வழிச்சு ஒரு ஆரஞ்சுக் கொடத்துல ஊத்திக்கிட்டு இருந்துச்சு. நான் கவனிக்காம டேப்ப எறக்கிட்டேன், அது தலையில பட்டுருச்சு. நல்லா வைஞ்சிச்சு. அதுக்கு என்ன அடி தாயி எழுதுறது?"

மேரி மூன்று புள்ளிக்குப் பக்கத்திலும் 'வ' என்று எழுதினார்.

கூட்டிப் பார்த்தார். வற்றியது முப்பத்தொன்று. போய்ப் பார்க்கமுடியாதது ஒன்பது. டேப் பத்தாதது நாலு. நாற்பத்து நாலு. திரும்ப ஒரு தடவை கூட்டினார். அதன் பிறகுதான் கீபோர்டைத் தொட்டார்.

அளவுக் கட்டத்தை அடுத்துப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதற்குக் 'காரணம்' என்று தலைப்புப் போட்டார். வற்றியதற்கு 'வ', போகாததற்கு 'போ', பத்தாததற்கு 'ப'. அளவு காலியாக இருக்கலாம். அப்படி இருந்தால் காரணம் காலியாக இருக்கக் கூடாது. மீட்டராக மாற்றும் பார்முலாவைத் திருத்தினார்: எண் இருந்தால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் ஒன்றும் எழுதாமல் விடு. இப்போது எண்ணுகிற பார்முலா எண் இல்லாத கட்டங்களைத் தாண்டிப் போனது. இடது ஓரத்துத் தூண் திரையில் பொசுக்கென்று இறங்கியது. நாற்பத்தேழில் மூன்றுதான் நின்றது. அந்த மூன்றும் கண்மாய்க் கரைக் கிணறுகள் என்றார் ஏகப்பன்.

டேப் பத்தாத நாலையும் 'பதினைந்துக்கு மேல்' என்று வலது பக்கம் ஒரு தூணாக நிறுத்தினார். பிறகு ஒரு தூண் அளவுக்கு இடம் விட்டு, தனியாக, சிவப்பில் இன்னொன்று: 'வற்றியது, 31'. அதற்கு மீட்டர் இல்லை. பட்டியலில் வற்றிய கிணறு உள்ள ஊர்களை மேலே கொண்டுபோனார். கடைசி வரியில் கிடந்த புளியடியேந்தல் மேலேயிருந்து மூன்றாவது வரிக்கு ஏறியது. படத்துக்கு அடியில் அவர் எப்போதும் எழுதுகிற வரியை எழுதினார். 'மொத்தம் 212. படத்தில் உள்ளவை 203. அளக்காதவை 9, படத்தில் இல்லை.'

சத்தியமூர்த்தி சொன்ன நேரத்துக்கு வந்தார். மதுரையில் படித்தவர், சட்டை கசங்காதவர். மேஜை மேல் இரண்டு படமும் இருந்தன. நாகநாதன் போட்டதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது நல்லா இருக்கே. அது என்ன மேடம், கேப் விட்டு ஒரு தூண் ஒத்தையா நிக்குது?"

"வத்துன கெணறு சார்."

"பெரிய ஆளுங்க வர்ற கூட்டம் மேடம். ஒன்பது அளக்கலைன்னு நாமளே எழுதிக் கொடுத்தா சர்வேயே அரைகுறைன்னு நெனைப்பாங்க. அந்த வரியை எடுத்துடுங்க. தூணையும் மத்ததோட சேர்த்துடுங்க."

நாகநாதன் மேரியைப் பார்த்தார். வாடிக்கையாளர் சொன்னால் செய்துவிடுவது அந்தச் சென்டரின் வழக்கம்.

"செய்றேன் சார்" என்றார் மேரி. "அதுக்கு முன்னாடி, உங்க கையில இருக்க லிஸ்டுல கடைசி வரிய மட்டும் ஒருவாட்டி படிங்க."

"புளியடியேந்தல். சைபர், சைபர், சைபர்."

"அப்படின்னா தண்ணி எங்க சார் நிக்கிது?"

சத்தியமூர்த்தி தாளைத் திரும்பப் பார்த்தார். தரைமட்டத்தில் நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"அந்த ஊருப் பொம்பளைக தினம் காலிக் கொடத்தோட எங்க பஸ்ஸுல ஏறுறாக" என்றார் மேரி. குரல் உயரவில்லை. "இந்தத் தாளு போச்சுன்னா, அவுகளுக்குத் தண்ணி கையெட்டுற தூரத்துல நிக்கிதுன்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. அண்ணன் அங்க போயி டேப்ப எறக்கியிருக்காக. காஞ்சு வந்திருக்கு. எழுதாம விட்டது அவுக தப்பு இல்ல. கேக்காம சைபர் போட்டது எங்க தப்பு. அளக்காதது ஒம்பதுன்னு சொன்னா, மிச்சம் எரநூத்தி மூணையும் நம்புவாக சார்."

நாகநாதன் எழுந்து வந்தார். சத்தியமூர்த்தியின் கையிலிருந்து, தான் போட்ட படத்தை மெதுவாக வாங்கினார். இரண்டாகக் கிழித்தார், பிறகு நாலாக.

"எங்க சென்டர்லருந்து இதுதான் சார் போகும்" என்று மேரியின் தாளைத் தட்டிக் காட்டினார்.

சத்தியமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு காப்பி எடுங்க" என்றார். போகும்போது ஏகப்பனிடம், "நூறடி டேப் ஒண்ணு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி ஒத்தையாக நின்ற சிவப்புத் தூணின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் வேறு எந்தத் தூணைப் பற்றியும் பேச்சே வரவில்லையாம். பதினைந்து ஊரில் புளியடியேந்தல் மூன்றாவது. ஜூலையில் அங்கே நூற்றெண்பதடியில் தண்ணீர் வந்தது.

ஏகப்பன் அந்த ஒன்பது கிணற்றையும் யாரும் சொல்லாமலே திரும்பப் போய்ப் பார்த்தார். எட்டை அளந்துவிட்டார். பள்ளிக்கூடத்து நாய் குட்டிகளோடு இடம் மாறிவிட்டதாம். அவர் சொன்ன மாதிரியே கிணறு வற்றித்தான் இருந்தது. ஆச்சியின் சாவி மட்டும் இன்னும் வரவில்லை. மேரியின் மிஷினில் அந்த ஒரு கட்டம் இன்றைக்கும் காலியாக, பக்கத்தில் 'போ' என்ற எழுத்தோடு இருக்கிறது. இப்போது ஏகப்பனின் நோட்டில் கதையும் இருக்கிறது: 'வற்றியது. அடியில் மண். புறா உண்டு.'

அந்தப் படத்தின் மூன்றாவது பிரதியை நாகநாதன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்களையும் விடுவதில்லை. "இந்தச் செவப்புத் தூணு இருக்கே, இது எங்க சென்டர்ல நின்னது" என்று ஆரம்பித்துவிடுவார். "நான்தான் மொதல்ல தப்பாப் போட்டேன்" என்பதையும் அதே பெருமையோடு சொல்வார். மேரி அப்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். யாராவது வற்புறுத்திக் கேட்டால், "கட்டம் காலியா இருந்துச்சு, கேட்டேன்" என்பார். ஆனால் காலையில் மூன்று மிஷினையும் துடைத்த பிறகு, முந்தானை நுனியால் அந்தக் கண்ணாடியை ஒரு தடவை துடைக்காமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய கேள்விக்குச் "சைபர்" என்கிறவருக்கு அன்றைக்கு நாற்காலி கிடைக்காது. "தெரியாதுக்கா, அளந்தவுகளக் கேக்கணும்" என்கிறவருக்குக் கிடைக்கும்.

இப்போதும் அதே ஏழு பத்து பஸ். புளியடியேந்தல் விலக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மேரி சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். காலை மடக்கிக்கொள்கிறார். விலக்கில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒரு நாள் ஆரஞ்சுக் குடத்துக்காரி ஏறினாள். கையில் குடம் இல்லை, தேவகோட்டைச் சந்தைக்குப் போகிற கூடை இருந்தது.

"அக்கா, இன்னும் எதுக்குக் கால மடக்குறீக? கொடம் வராது" என்றார் கண்டக்டர்.

"தெரியும். இன்னைக்கும் வரலேன்னு பாத்துட்டு நீட்டிக்கிறேன்" என்றார் மேரி.

காலி இடத்தைப் பார்த்தவுடன் சைபர் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற யாராவது உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ இருந்தால், அவரிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். காரைக்குடி பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் ஒருவர் அடுத்த ஸ்டாப் வருகிறவரைக்கும் காலை நீட்டாமல், இரண்டு குடத்துக்கான இடத்தை அப்படியே காலியாக வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.